பாவுக்கு அந்தப் பக்கம் நின்ற நாய்

பிள்ளைகளா,

நீங்கள் நாலு பேரில் ஒருத்திதான் என் மகள். ஆனாலும் எல்லோரையும் பிள்ளைகளா என்றுதான் எழுத வருகிறது.

போன வாரம் உங்கள் நாய் வகுப்பைப் பார்க்க வந்தேன். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். யாரும் சத்தம் போடவில்லை, யார் கையிலும் குச்சி இல்லை. பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கூப்பிட்டவுடன் நாய் ஓடி வந்தால் எல்லோரும் கை தட்டுகிறீர்கள். அது எந்த வழியாக ஓடி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் அப்பன் பாடம் நடத்தினால் மகளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

எழுபதுகளில் நான் திருத்தணி கால்நடை ஆஸ்பத்திரியில் உதவியாள். நாயை அமுக்கிப் பிடிப்பதுதான் என் வேலை. டாக்டர் ஊசி போடுவார், நான் கழுத்தையும் பின்னங்காலையும் பிடித்துக்கொள்வேன். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அப்போது அதுதான் வழக்கம். ஆனால் ஒரு தடவை அப்படிப் பிடித்த நாய் மறு தடவை கேட்டுக்குள் நுழையும்போதே மூத்திரம் பெய்துவிடும். ஊசியைப் பார்த்தல்ல, என்னைப் பார்த்து. கல்யாணமாகாத காலம். ரயிலடிப் பக்கம் ஒரு ரூமில் தனியாக இருந்தேன். சாயங்காலம் டீ குடிக்கக் கடைத்தெருவில் நடந்தால், நாய்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகும். சொந்தபந்தம் இல்லாத ஊரில் நாய்கூட நம்மைப் பார்த்து ஒதுங்கினால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் டீக்கடையில் பொறை ரொட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் தரையில் உட்காருவேன். நாயைப் பார்க்க மாட்டேன், கையை நீட்ட மாட்டேன். அதற்கே தோன்றி வரும்வரை உட்கார்ந்திருப்பேன். டாக்டர் பார்த்துச் சிரித்தார், தடுக்கவில்லை. கொஞ்ச நாளில் சில நாய்கள் தாமாகவே காலை நீட்ட ஆரம்பித்தன. நான் கற்றது அவ்வளவுதான். வேறு யாரிடமும் போய்க் கற்கவில்லை.

இப்போது பள்ளிப்பட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பக்கம் நெசவுக்காரத் தெரு ஒன்றுக்குக் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தோம். முனிரத்தினம் என்பவர் அந்தத் தெருவுக்குப் பெரியவர் மாதிரி. அவர் வந்து கேட்டார்.

"சார், நாய் ஓடாம இருக்கறதுக்கு மருந்து இன்னா இருக்குது?"

"எதுக்குங்க?"

"பாவுல பூந்துடுது சார்."

பாவு என்றால் உங்களுக்குத் தெரியாது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீள நூல் முழுவதையும் தெருக்கோடியில் உள்ள மைதானத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அந்த மைதானத்துக்குப் பாவடி என்று பேர். ஆயிரக்கணக்கான இழை, தெரு நீளத்துக்கு, துணி விரித்த மாதிரி நிற்கும், கோடியில் இடுப்பு உயரம், நடுவில் முழங்கால் வரை தொய்ந்து. அதற்குக் கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, இழையோடு இழை ஒட்டாமல் பெரிய பிரஷ்ஷால் வாரிக்கொண்டே போக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை அது. யார் வீட்டுப் பாவோ அவர்கள் விடியற்காலையில் தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டுவார்கள். எல்லோரும் வருவார்கள். நாளைக்கு அவர்கள் கதவைத் தட்டும்போது இவர்கள் போவார்கள். அதில் ஒரு நாய் குறுக்கே புகுந்தால் அந்தக் குடும்பத்தின் மாத வேலை போச்சு.

"மருந்து இல்லைங்க. கூப்பிட்டா உடனே வர்ற மாதிரி பழக்கலாம்," என்றேன்.

பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி சொன்னாள்: "கூப்ட்டா எங்க வூட்டு ஆம்பளையே வர்றதில்ல. நாய் வந்துடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வகுப்பு வைக்க ஒத்துக்கொண்டார்கள். அமாவாசையன்று தறி ஓடாது, பாவும் போட மாட்டார்கள். பாவடி காலியாக இருக்கும், ஆட்களுக்கும் ஓய்வு. அதனால் அமாவாசைக்கு அமாவாசை வகுப்பு, நடு நாட்களில் அவரவர் வீட்டு வாசலில் பழக்க வேண்டியது என்று பேசிக்கொண்டோம். நாலே நாய்தான் சேர்த்தேன். நாலுக்கு மேல் போனால் நமக்குக் கண் பத்தாது. இதை நீங்களும் யோசியுங்கள்.

அந்த நாலில் ஒன்றுதான் சின்னோடு. தெலுங்கில் சின்னவன் என்று அர்த்தம். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதை வளர்த்தது சரோஜம்மா, முனிரத்தினத்துக்கு அண்ணி. அண்ணன் இறந்து பல வருஷம். பிள்ளை இல்லை. குழித்தறியில் உட்கார்ந்து அந்த அம்மா நெய்யும்போது சின்னோடு காலடியில் குழிக்குள்ளேயே படுத்துக்கொள்ளும்.

வகுப்பு நன்றாகத்தான் போயிற்று. நாயை ஒரு கோடியில் நான் பிடித்துக்கொள்வேன். வீட்டுக்காரர் மறு கோடியில் நின்று கூப்பிடுவார். வந்தால் பொறை. வராவிட்டால் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. மற்ற நாய்கள் வழியில் ஓணானைப் பார்த்தால் நின்றுவிடும். சின்னோடு மட்டும், "சின்னோடா, ரா!" என்று சரோஜம்மா கூப்பிட்ட மறு நிமிஷம் விட்ட கல்லு மாதிரி நேராகப் போய் அந்த அம்மா காலில் விழும்.

"இன்னா சார், உங்க வகுப்புல முதல் மார்க்கு எங்க வதினா புள்ளைக்குத்தானா?" என்பார் முனிரத்தினம். அண்ணியை அங்கே வதினா என்பார்கள். அவர் நாயும் அந்த நாலில் ஒன்று.

"ஆங், உன் நாய் பெயிலு நைனா. நீ டியூஷன் வெச்சுக்கோ," என்பாள் சரோஜம்மா.

அப்புறம் ஒரு நாள் காலை. நான் இல்லை. முனிரத்தினம் வீட்டுப் பாவு. சரோஜம்மாவும் வரிசையில் நின்று பிரஷ் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னோடு எப்படியோ பாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சும்மாதான் மோந்துகொண்டிருந்ததாம். இந்த அம்மா பார்த்துவிட்டாள். உள்ளே புகுந்துவிடுமோ என்று பயம். வகுப்பில் சொன்னதைச் செய்தாள். கூப்பிட்டாள்.

சின்னோடு வந்தது. நேராக.

ஈரக் கஞ்சியில் சிக்கி, மிரண்டு, இழையை இழுத்துக்கொண்டு ஓடியதில் பாவு பாதிக்கு மேல் அறுந்தது. கையில் கிடைத்த கட்டையால் நாயை அடித்தார்கள். நான் அடுத்த அமாவாசைக்குப் போனபோது பாவடியில் யாரும் இல்லை. தெருமுனையில் முனிரத்தினம் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாத்தான் கத்துக் குடுத்துக்கிற சார். கூப்ட்டா வருது. நூலைக் கிழிச்சுகினு வருது."

அவர் சொன்னதில் பிசகு இல்லை. காலி மைதானத்தில் நேராக ஓடி வரப் பழக்கினோம், அது நேராக ஓடி வந்தது. அந்த மைதானத்தில் பாவு இருக்கும்போது என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஓய்வு நாளாகப் பார்த்து வகுப்பு வைத்தது எங்களுக்கு வசதி. நாய் வாழ்வது வேலை நாளில்.

"வதினாவுக்குச் சொல்லிட்டோம் சார். நாயை லாரில ஏத்தி நகரி பக்கம் எங்கனா வுட்டுடட்டும். அப்புறம் வழக்கம் போல கதவைத் தட்றோம். நாய் இருக்கிற வரைக்கும் தட்ட மாட்டோம். அவங்க மேல கோவம் இல்ல. நூலு போனா நாங்க இன்னா பண்றது?"

கதவைத் தட்டாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது புரியும். அந்த அம்மா மற்றவர் பாவுக்குப் போக முடியாது. இவள் பாவுக்கும் யாரும் வர மாட்டார்கள். பாவு இல்லாமல் தறி இல்லை. நான் அவள் வீட்டுக்குள் போனபோது தறி காலியாக இருந்தது. வேறு தெரு ஆட்களுக்காக ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நாய் தறிக்குழிக்குள் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இன்னும் உள்ளே நகர்ந்தது.

"வுட்டுட்டு வரலாம்னு பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போனேன் சார்," என்றாள். "கயிறு கூடக் கட்டல. பின்னாடியே வருது, நான் எங்க போனாலும். அத்த எப்படி வுடறது? இந்த வூட்ல தறி சத்தம் நின்னுச்சுன்னா வேற சத்தமே இல்ல. அது மூச்சு வுடறது ஒண்ணுதான்."

அந்த வருஷம் மழை வரும்வரை எனக்கு லீவு கிடைத்த நாளெல்லாம் அங்கே போனேன். மற்ற மூன்று பேர் வரவில்லை. ஒரே ஒரு நாய் வகுப்பு. பழைய புடவைகளைக் கிழித்து முடிச்சுப் போட்டு, கழி நட்டு, பாவு மாதிரி இழுத்துக் கட்டினோம். ஆனால் சின்னோடு பாவடிப் பக்கமே வர மறுத்தது. அடி வாங்கிய இடம். தெரு முடியும் இடத்தில் உட்கார்ந்துவிடும். இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நாங்களும் அங்கேயே உட்கார்ந்தோம்.

"இதுக்குப் பேரு வகுப்பா சார்? நாயோட சேத்து மூணு பேரும் சும்மா உக்காந்துகினு இருக்கறமே?"

"ஆங். இதாம்மா பாடம்."

தெருவில் போகிறவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி போவார்கள். முன்பெல்லாம், "நாய் வாத்தியாரே, எங்க மாமியாரையும் சேத்துக்கோங்களேன்" என்று கேலி பேசிய பெண்கள் வாயே திறக்கவில்லை. கேலி நின்றதுதான் பெரிய கஷ்டம். திட்டினாலாவது ஒரு பேச்சு. சரோஜம்மா சில நாள் ஒரு வார்த்தையும் பேச மாட்டாள். நான் பஸ்ஸில் திரும்பும்போது யோசிப்பேன், அன்றைக்கு நானும் யாரோடும் பேசவில்லை என்று.

மெல்ல மெல்ல நாய் கொஞ்சம் முன்னால் வந்து உட்கார ஆரம்பித்தது. பிறகு மைதான ஓரம். பிறகு புடவைக்கு அருகில். அதற்கப்புறம்தான் புதுப் பாடம். அந்தப் பக்கம் நாய், இந்தப் பக்கம் சரோஜம்மா. கூப்பிடக் கூடாது. அது பார்க்கிற மாதிரி நின்றுவிட்டு, பாவின் கோடி வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான். நாய் அந்தப் பக்கமே கூட நடந்து, கோடியில் சுற்றிக்கொண்டு வந்தால் பொறை. புடவைக்கு அடியில் புகுந்து வந்தால் பொறை இல்லை, திட்டும் இல்லை. முதலிலிருந்து திரும்ப. புகுந்து புகுந்து வந்தது. அப்புறம் ஒரு நாள் சுற்றி வந்தது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் சுற்றி வந்தது.

ஆனால் அது புடவை. நிஜப் பாவில் பார்க்க வழியில்லை. யார் பாவைக் கேட்பது?

முனிரத்தினம் வீட்டில் மறுபடி பாவு போட்ட நாள் எனக்கு லீவு. முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். பாவு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, தெருவே இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தது. சரோஜம்மா பாவடியை ஒட்டிய தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. நாய் எங்கே என்று கேட்டேன்.

"ஏரிப் பக்கம் வெளிக்குப் போச்சு சார். கட்டித்தான் வெச்சிருந்தேன், கயித்த அறுத்துகினு போய்டுச்சு..." சொல்லி முடிக்கவில்லை, கையை நீட்டினாள்.

சின்னோடு ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. வாசலில் நிற்கும் சரோஜம்மாவைப் பார்த்துவிட்டது. அதற்கும் அவளுக்கும் நடுவில் பாவு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

பிரஷ் பிடித்தவர்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தர் குனிந்து கல் எடுத்தார். முனிரத்தினம் கத்தினார்:

"சார்! ஓடிப் போய்ப் புடி அத்த!"

பிள்ளைகளா, இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் நம்மை ஏதாவது செய்யச் சொல்வார்கள். ஓடு, பிடி, கத்து என்பார்கள். பிடிக்கப் போனால் அது ஓடும். ஓடினால் பாவுதான் வழி. கல் விழுந்தாலும் அதுதான் வழி. அவள் கூப்பிட்டால் கேட்கவே வேண்டாம், நேராக வரும்.

"கல்லைக் கீழ போடுங்கண்ணா. யாரும் நகராதீங்க," என்றேன். சரோஜம்மாவிடம், "கூப்பிடாதீங்கம்மா. பாவுகிட்ட போய் நில்லுங்க. அது பாத்ததும் நடங்க. திரும்பிப் பாக்காதீங்க," என்றேன்.

"பாக்காம எப்படி சார்?"

"புடவைல நடந்தீங்களே, அப்படித்தான்."

"கஞ்சி காயுது!" என்றார் முனிரத்தினம். கஞ்சி காய்ந்தால் இழை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நாய் தொடாவிட்டால்கூடப் பாவு கெட்டுவிடும். இதுவும் போனால் அவர் குடும்பத்துக்கு அது இரண்டாவது நஷ்டம். அவர்மேல் எனக்கு அப்போது கோபம் வரவில்லை.

சரோஜம்மா போய் நின்றாள். நாய் பாவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று இழைகளுக்கு மேலாக அவளைப் பார்த்தது. அவள் நடந்தாள். அதுவும் நடந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள்.

பாதி தூரத்தில் நாய் நின்றுவிட்டது. அதை அடித்த ஒருவர் அந்தப் பக்கம் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். அது தலையைத் தாழ்த்தியது. மூக்கு இழைக்குக் கீழே போயிற்று. சரோஜம்மாவுக்கு முதுகு அந்தப் பக்கம், ஆனால் கூட நடக்கும் காலடி நின்றது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் நின்றாள். வாய் திறந்தது. இனி அது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

வாயை மூடிக்கொண்டாள். திரும்பாமல், முன்னைவிட மெதுவாக நடக்க ஆரம்பித்தாள்.

நாய் மூக்கை வெளியே எடுத்தது. பிரஷ் வைத்திருந்தவர், நான் சொல்லாமலே, பிரஷ்ஷைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார். சின்னோடு அவரைத் தாண்டி நடந்தது. கோடிக் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சரோஜம்மாவின் காலடியில் படுத்தது. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பேசியது முனிரத்தினம்தான்.

"வதினா, கொஞ்சறதெல்லாம் அப்புறம் கொஞ்சு. இந்தக் கோடில ஆள் பத்தல. கஞ்சி காயுது."

"கையெல்லாம் நாய் மயிரு நைனா."

"கழுவிகினு வா. நாங்க இன்னா நாளைக்கு வரைக்கும் நிக்கவா?"

அவள் கழுவிக்கொண்டு போய் பிரஷ்ஷை எடுத்தாள். அன்றைக்கு அந்தப் பாவு முடிந்தது. நாய் கம்பத்தடியிலேயே படுத்திருந்தது.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது பெரிதாக ஒன்றும் இல்லை. நாயைப் பூங்காவில் பழக்குகிறீர்கள். அது வாழ்வது மாடிப்படியில், தெருவில், பள்ளிக்கூட வேன் நிற்கும் வாசலில். கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லித் தரும்போது, எப்போது கூப்பிடக் கூடாது என்று வீட்டுக்காரருக்கும் சொல்லித் தாருங்கள். அதுதான் கஷ்டம். நாய் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். பயத்தில் வாயை மூடிக்கொண்டு நடக்க மனுஷருக்கு நாள் பிடிக்கும். இன்னொன்று, வகுப்பில் ஒரே நாய்தான் மிஞ்சியிருக்கிறது என்று வகுப்பை நிறுத்தாதீர்கள். அந்த ஒன்றுக்குத்தான் வகுப்பு தேவையாக இருக்கும்.

நடந்த மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த அமாவாசைக்குப் போனேன், பாவடியில் யாரும் இல்லை. தெருவில் ஒரு காதுகுத்து. சரோஜம்மா உள்ளே பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த அமாவாசைக்கும் யாரும் வரவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மழைக்காலம் முடிந்து ஒரு லீவு நாளில் சும்மா போனேன். ரூமில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு சரோஜம்மா வீட்டுப் பாவு. தெருவே நின்று வேலை செய்துகொண்டிருந்தது. அவள் பிரஷ்ஷை வாரிக்கொண்டே ஏதோ சொன்னாள், பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். வேலை மும்முரத்தில் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. சின்னோடு மட்டும் பார்த்தது. அந்தப் பக்கம் கம்பத்தடியில் படுத்திருந்தது. மடிந்த காது கொஞ்சம் அசைந்தது, வால் மண்ணில் தட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. பாவு முடியும்வரை அங்கே கிடப்பதுதான் அதற்கு வேலை. ஒரு வார்த்தை சொன்னால் வரும், சுற்றிக்கொண்டுதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

நான் கூப்பிடவில்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன்.